படம் தெளிவாக வரும் ஏழு இடங்கள்

வதந்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். புறவழிச் சாலையில் பஞ்சர் ஒட்டுகிறவர், என் ஸ்கூட்டர் ட்யூபை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே சொன்னது இது.

"அந்த சைரன்காரரோட வேன் வீடு இருக்குல்ல சார், அது எங்க நின்னா டிவி பளிச்சுன்னு வருதோ, அந்த எடத்துல ஒரு உயிர் போயிருக்கும். நீங்க வேணா விசாரிச்சுப் பாருங்க."

"யாரு சொன்னாங்க?"

"யாராவது தனியா வந்து சொல்லணுமா? ஊரே பேசுது."

ஊர் என்று அவர் சொன்னது தன்னையும் எதிர்க்கடை பேட்டரிக்காரரையும்தான். ஆனால் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் நிரப்பியாக வேண்டிய பிழைப்பு என்னுடையது. அந்த வாரம் பார்த்து எந்த அமைச்சரும் உளறித் தொலைக்கவில்லை. ஆகவே பேயைத் தேடிக் கிளம்பினேன்.

சைரன்காரர் என்றதும் தொண்டை கிழியப் பேசுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால்தான் அவர் பேசுவது கேட்கும். இருபத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டியவர். சத்தத்தை எல்லாம் வண்டியே போட்டுவிட்டதால் தனக்கென்று எதுவும் மிச்சமில்லை என்பார். அவர் ஓய்வுபெற்ற மாதமே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அதே மாதம் அவர் கடைசி இருபது வருஷம் ஓட்டிய வண்டியையும் லாயக்கில்லை என்று எழுதி ஏலத்துக்கு விட்டார்கள். வெளியே அனுப்பப்பட்ட இருவரும் வாசலிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

ஸ்ட்ரெச்சர் ஓடிய தண்டவாளத்தின் மேல் பலகை அடித்துக் கட்டில் ஆக்கினார். ஆக்சிஜன் சிலிண்டர் நின்ற மூலையில் இப்போது சமையல் சிலிண்டர். மருந்து அலமாரியில் மிளகாய்த்தூள், உப்பு, சர்க்கரை. குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியில் ஆன்டெனா வயர் தொங்குகிறது. பின்கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதி இன்னும் மங்கல்தான்; வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே படுத்திருப்பவர் முகம் தெரியக் கூடாது என்று பூசியது. டிரைவர் சீட்டுக்கும் பின்னறைக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு தள்ளுக் கண்ணாடி உண்டு. அதையும் அவர் மாற்றவில்லை.

"அதை அடைச்சுத் தொலைங்கன்னு தலையால அடிச்சுக்கிறேன் தம்பி," என்றார் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். "பின்னால இருந்து என்னங்கன்னு கூப்பிட்டா இவருக்குக் கால் தானா மிதிக்குது. உப்பு டப்பா எங்கன்னு கேட்டா வண்டி எண்பதுல பறக்குது. கேட்ட உப்பு என் தலையில கொட்டுது."

அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர். முப்பது வருஷம் தையல் மெஷினில் குனிந்தபடி, முதுகுக்குப் பின்னால் ஓடிய டிவியைக் காதால் மட்டுமே பார்த்தவர். ஓய்வுக் காலத்துக்கென்று அவர் வைத்திருந்த ஆசை ஒன்றே ஒன்று. தினமும் நாலு மணித் தொடரை நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணால் பார்க்க வேண்டும்.

"ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்தாரு. ஊரெல்லாம் சுத்தி நான் பாத்தது கட்டம்தான். மூத்த மருமக அழுறாளா சிரிக்கிறாளான்னு தெரியறதுக்குள்ள மூஞ்சி எட்டுத் துண்டா ஒடையுது."

நான் முதன்முதலில் போனபோது வண்டி மைதானத்தின் ஓரம், வேப்பமரத்தை விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தது. சைரன்காரர் கூரைமேல். மீன்முள் மாதிரி ஆன்டெனா, நாலு ஆள் உயரக் குழாயின் முனையில். அதை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"வருதா?"

"இல்ல!"

"இப்ப?"

"வந்துச்சு... ஐயோ, போச்சு! எதுக்கு கைய எடுத்தீங்க?"

"கைய எடுக்காம ராத்திரி பூரா இங்கயே நிக்கட்டா?"

"நின்னா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?"

நான் பின் ஏணியைப் பிடித்து மேலே ஏறினேன். மனிதருக்குத் தொழில் தெரியவில்லை என்று சொல்லவே முடியாது. இரும்புக் கூரையை ஒட்டி ஆன்டெனாவை வைத்தால் படம் வராது, உயரத் தூக்க வேண்டும் என்றார். பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறவன் முட்டாள், ஆன்டெனாவின் காலடியில்தான் வைக்க வேண்டும் என்றார். மிச்ச வயரைச் சுருட்டி வைக்கக் கூடாது. ஈர இலைக்குக் கீழே வண்டியை நிறுத்தக் கூடாது. புது ஊருக்குப் போனால் அங்கிருக்கிற வீடுகளின் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கேள்வி கேட்காமல் அந்தப் பக்கமே நாமும் பார்க்க வேண்டும். எல்லாம் சரி. இவ்வளவும் தெரிந்த ஆளுக்குப் படம் ஏன் வரவில்லை?

"மேடு பாத்து நிறுத்தலாமே அண்ணே," என்றேன். "தண்ணி டேங்க் வளைவு, குவாரி முனை... அங்கெல்லாம் டிவி கோபுரம் நேரா தெரியுதாமே."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது பஞ்சர்க்காரரின் வாளியில் குமிழி கிளம்புகிறது என்று தெரிந்துவிட்டது. பத்தி எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் வருகிற சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை.

"அந்தக் காலத்துல வண்டியில வயர்லெஸ் பெட்டிதான்," என்றார், கீழே இருப்பவர் காதில் விழாதபடி. "மலைமேல நிக்குதே கோபுரம், டிவிக்கும் வயர்லெஸுக்கும் அது ஒண்ணுதான். ஓடுற வண்டியில பேசினா வார்த்தை உதிர்ந்து போகும். பள்ளத்துல நின்னு பேசினாலும் எட்டாது. இந்தச் சாலை முழுக்க ஏழு எடம்தான். அங்க நிறுத்திப் பேசினா ஆஸ்பத்திரிக்குக் கேக்கும். டிரைவருங்க நாங்க அதுக்குப் பேசுற எடம்னு பேரு வெச்சிருந்தோம்."

"நிறுத்தாம போனா என்ன?"

"தகவல் சொல்லாம வரக் கூடாதுன்னு உத்தரவு. சொன்னாத்தான் கேட் சாவியோட வாட்ச்மேன் நிப்பாரு. ஒரு தடவ நிறுத்தாம போனேன். கால் நசுங்கின ஆளு. போனா கேட் பூட்டிக் கெடக்கு. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருக்காரு. இருவது நிமிஷம். அந்தாளு என் கையப் பிடிச்சுக்கிட்டே..." அவர் குழாயைத் துணியால் துடைத்தார். "அதுக்கப்புறம் எப்பவும் நிறுத்திடுவேன். பேசிட்டுத்தான் போவேன்."

"நிறுத்தின எடத்துல...?"

"சில பேரு அதுவரைக்கும்தான் வந்தாங்க."

"ஏழு எடத்துலயுமா?"

"ஏழுன்னு சொல்ல மாட்டேன். அஞ்சு."

ஆக வதந்தி பொய்யில்லை. பேய் எதுவும் படத்தைக் கொண்டுவந்து தரவில்லை. பேச்சு எட்டிய இடங்களில் படமும் எட்டுகிறது, அவ்வளவுதான். கோபுரம் பார்க்கும் இடமெல்லாம் இவர் வண்டி நின்ற இடம்; நின்ற இடத்தில் உள்ளே ஒருவர் காத்திருந்தார். மூன்று மாதமாக இவர் அந்த ஏழு இடங்களையும் தவிர்த்துத் தவிர்த்து, மனைவிக்குப் பள்ளமாகப் பார்த்து நிறுத்திக் கட்டம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சிக்னல் சரியில்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் வாயத் தொறக்காத தம்பி."

தலையாட்டினேன். என் தலை ஆடுவதற்கும் வாய் திறப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை மைதானத்தில் வண்டி இல்லை. பஞ்சர்க்காரரைக் கேட்டேன்.

"தண்ணி டேங்க் வளைவுக்குப் போயிட்டாங்க சார். அந்தம்மா இங்க வந்து படம் எங்க நல்லா வரும்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன்."

"உயிர் போன எடம்னும் சொன்னீங்களா?"

"பொம்பளைங்ககிட்ட அதையெல்லாம் சொல்லுவாங்களா சார், பயந்துடுவாங்கல்ல?"

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு அடித்துச் சில நிமிடம். வளைவின் ஓரம், தொட்டியின் நிழல் விழுகிற இடத்தில் வேன். உள்ளே அக்கா கட்டிலில், சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். படம் அப்படியொரு தெளிவு. மூத்த மருமகளின் மூக்குத்தியில் இருந்த கல்லை எண்ணலாம்.

"உக்காரு தம்பி! பாரு, இவ இவ்வளவு அழகுன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

சைரன்காரர் முன் சீட்டில் இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. தள்ளுக் கண்ணாடி வழியாக அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அது நனைந்திருந்தது.

"எஞ்சினை நிறுத்துங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. இந்தா கெளம்பிடலாம், இந்தா கெளம்பிடலாம்னே சொல்லிட்டு இருக்காரு. எங்க கெளம்புறது? இப்பத்தானே வந்தோம்?"

திரையில் மூத்த மருமகள் பீரோவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். அந்த நேரம் பார்த்து நான், எல்லாம் தெரிந்தவன் என்கிற தோரணையில், கண்ணாடியருகே குனிந்து கேட்டேன்.

"ஏழுல இதுவும் ஒண்ணா அண்ணே?"

"எந்த ஏழு?" என்றார் அக்கா.

சைரன்காரர் திரும்பவில்லை. நான் மழுப்பியிருக்கலாம். என்னவோ உளறவும் ஆரம்பித்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"என்னங்க. எந்த ஏழு?"

எஞ்சின் உறுமியது. அவருடைய கால் மிதித்துவிட்டது. கியர் போடாததால் வண்டி நகராமல், நின்ற இடத்திலேயே கத்தியது. பிறகு மெல்ல அடங்கியது.

"இங்க நிறுத்தித்தான் பேசினேன்," என்றார். "உன் தங்கச்சிய கொண்டு போறப்ப."

டிவியில் விளம்பரம் வந்தது. ஒரு குழந்தை சேற்றில் விழுந்து எழுந்து சிரித்தது, ஒரு தாய் சோப்புத்தூளைக் காட்டிச் சிரித்தாள்.

அக்காவின் தங்கை இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முப்பத்தொரு வயது. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்று பிற்பாடு சொன்னார்கள். அன்று உதவியாளர் லீவு. அக்கா தகவல் கேட்டுப் பேருந்தில் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனதாகத்தான் இத்தனை நாளும் அவரிடம் சொல்லி வைத்திருந்தது.

"எத்தன நிமிஷம் நின்னீங்க?"

"நாலு."

"நாலு நிமிஷம் என்ன பேசினீங்க?"

"முதல்ல யாரும் எடுக்கல. அப்புறம் எடுத்தாங்க. விவரம் சொன்னேன். சரி, சீக்கிரம் வாங்கன்னாங்க."

"அத சொல்லத்தான் நாலு நிமிஷமா?" அக்காவின் குரல் உயரவில்லை. "அவ எதுனா சொன்னாளா?"

தொட்டியிலிருந்து எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கண்ணாடியத் தட்டினா. வண்டி ஏன் மாமா நிக்குதுன்னா. இதோ கெளம்பிட்டோம்மான்னேன். கையில பெட்டி இருந்துச்சு. திரும்பிப் பாக்கல. அப்புறம் அவ தட்டல."

அக்கா தான் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தார். தலைமாட்டில் கண்ணாடி, எட்டிக் கை நீட்டினால் தட்டலாம். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

"வண்டிய எடுங்க," என்றார். "நிக்காம ஆஸ்பத்திரி வரைக்கும் போங்க. தம்பி, நீ மணி பாரு."

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தார். இருபத்தொன்பது வருஷம் ஓட்டிய கை, கேள்வி கேட்கவில்லை. ஆனால் மூவரில் ஒருவருக்கும் கூரைமேல் குழாய் நிற்பது நினைவில்லை. டிவியை அணைக்கவும் தோன்றவில்லை. வேன் வீட்டில் வாழ்கிறவர்கள் கிளம்புமுன் சொல்லிப் பார்க்கிற முதல் வாசகமே 'குழாயை இறக்கியாச்சா' என்பதுதான். அன்று யாரும் சொல்லவில்லை.

வளைவு தாண்டியதும் படம் உறைந்தது. விளம்பரம் முடிந்து மூத்த மருமகள் திரும்பி வந்த கணம். பாதி முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, ஒரு கண்ணும் நெற்றியும் மட்டும் முழுசாக இருந்தது. வழிநெடுக அந்த ஒற்றைக் கண் எங்களைப் பார்த்தபடியே வந்தது. மரக்கிளைகள் குழாயில் உரசும்போதெல்லாம் கூரைமேல் யாரோ கையைத் தேய்க்கிற சத்தம். ஒரு கிளை வலுவாக அடித்தது. டங் என்று ஒலித்து, பிறகு எதுவோ பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது. சைரன்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. அக்கா ஒரு கையால் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தார். மறுகை கண்ணாடியின் மேல் இருந்தது; தட்டவில்லை, சும்மா வைத்திருந்தார்.

ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றோம். சைரன்காரரின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். ஒரு லாரிக்கு வழிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் இப்போது கேட்டே இல்லை. ஆள் வந்தால் தானாக விலகுகிற கண்ணாடிக் கதவு. ஆம்புலன்ஸ் மாதிரி ஒன்று சீறிக்கொண்டு வந்ததைப் பார்த்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற ஓர் அம்மா, ஒரு டிவி, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நான்.

"பேஷன்ட் யாரும்மா?"

"யாருமில்லப்பா. மணி பாக்க வந்தோம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவை மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனார்கள்.

"எவ்வளவு தம்பி?"

"பதினொண்ணு முப்பத்தஞ்சு அக்கா."

"சிக்னல்ல நின்னதக் கழி. அன்னைக்கு அங்க சிக்னல் ஏது?"

"ஒண்ணரை நிமிஷம் இருக்கும்."

"ஒண்ணே முக்கால்," என்றார் சைரன்காரர்.

"லாரிக்கு நின்னது?"

"அரைன்னு வெச்சுக்கலாம்."

"அரை எங்க வந்துச்சு? பத்து எண்ணுறதுக்குள்ள போயிட்டான்."

"இருவது எண்ணலாம்," என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

இப்படிப் பேரம் பேசினார்கள். கூட்டியும் கழித்தும் கடைசியில் ஒன்பதரை நிமிஷத்தில் வந்து நின்றது. அன்றைக்கு மொத்தம் பதிமூன்றரை ஆனதாம். அவருக்கு நொடி பிசகாமல் நினைவிருந்தது. ஒன்பதரை நிமிஷம் அவள் தாங்கியிருப்பாளா என்று அக்கா கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட அன்னைக்கே கேட்டிருக்கலாம்," என்றார் அவர். "கேக்கல. நாலு தடவ அந்த ரூம் வாசல் வரைக்கும் போனேன்."

அந்த டாக்டர் இறந்தே பல வருஷம் ஆகிவிட்டது. பதிவேட்டில் இருப்பது கேட் திறந்த நேரம் மட்டும். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அழுதாரா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. பிறகு, "வண்டியத் திருப்புங்க," என்றார்.

"மைதானத்துக்கா?"

"டேங்க் வளைவுக்கு."

"வேணாம். வேற எடம் பாக்கலாம். குவாரி முனையில கூட..."

"அங்க யாரு?"

அவர் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்.

"சொல்லுங்க. அங்க யாரு?"

"ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்."

"வேற எடத்துக்குப் போனா வேற யாராவது இருப்பாங்க. டேங்க்ல இருக்கிறது நம்ம பொண்ணு. பதினெட்டு வருஷமா தனியா விட்டாச்சு. திருப்புங்க."

திருப்பினார். இந்தத் தடவை மெதுவாக ஓட்டினார். வளைவில் நிறுத்தி, கொஞ்ச நேரம் சாவியில் கை வைத்தபடியே இருந்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். அந்த நிசப்தத்தில் மூன்று பேருமே எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். எதுவும் தட்டவில்லை.

ஆன்டெனாவின் முட்களில் மூன்று மடங்கிப் போயிருந்தன, குழாய் கூனியிருந்தது. அவர் ஏணியில் ஏறி அதை நிமிர்த்தத் தொடங்கினார். படம் திரும்பி வந்தபோது வேறு ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மணி ஐந்து தாண்டிவிட்டது.

விடைபெறும்போது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று தயாரானேன். திட்டு வாங்கத்தான் வேண்டும்.

"அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லு. நீ சும்மா இருந்திருந்தா நானே பாத்திருப்பேன்."

"நாளைக்கே சொல்றேன் அக்கா," என்றேன்.

மறுநாள் தொடர் தொடங்கும்போதே மூத்த மருமகள் கடிதத்தை எரித்துவிட்டாளாம். பஞ்சர்க்காரர் அது சொத்துப் பத்திரம் என்கிறார். பேட்டரிக்காரர் அது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று சத்தியம் செய்கிறார். இருவருமே அன்றைக்குப் பார்க்கவில்லை என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துபோயிற்று. நானும் எட்டுப் பேரை விசாரித்துவிட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. நேற்று டேங்க் வளைவு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. சைரன்காரர் வெளியே ஒரு ஸ்டூலில், டிவிக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைக் கண்டுகொண்டு, "தம்பி, கடுதாசி என்னாச்சு?" என்று உள்ளேயிருந்தே கூப்பிட்டார். நான் கையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன்.